எல்மாவில் உங்கள் முகவரியை எழுதியது யார்?

மே, ஜூன் மாதங்களுக்கான பெறுமதி சேர் வரிக் கணக்கை ஓகஸ்ட் 31-க்குள் ஒப்படைக்க வேண்டும். கோடை விடுமுறை முடிந்து கடைகளைத் திறந்த கையோடு ஒஸ்லோ வாசகர்கள் பலர் எமக்கு எழுதியிருக்கிறார்கள். சிக்கல் எல்லோருக்கும் ஒன்றுதான். மொத்த வியாபாரி விலைப்பட்டியலை ஈஹெச்எஃப் என்ற மின் வடிவத்தில் அனுப்பிவிட்டதாகவும், திரையில் ‘லெவெர்ட்’ (ஒப்படைக்கப்பட்டது) என்று காட்டுவதாகவும் சொல்கிறார். இவர்களுடைய கணக்கு மென்பொருளிலோ ஒன்றுமே வந்து சேரவில்லை.

இரு தரப்பும் உண்மை சொல்லக்கூடும். அது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை.

அனுப்புபவரின் மென்பொருளிலிருந்து பெறுபவரின் மென்பொருளுக்கு ‘நேரடியாக’ என்கின்றன விளம்பரங்கள். நேரடி என்று எதுவும் இல்லை. நடுவே இரண்டு அக்செஸ்புங்க்ட் (அணுகல் புள்ளி) நிறுவனங்கள் நிற்கின்றன: ஒன்று அவருடையது, மற்றது உங்களுடையது. உங்கள் பக்கத்தில் நிற்பது எந்த நிறுவனம் என்பது அவருடைய நிறுவனத்துக்கு முன்கூட்டித் தெரியாது. தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அந்தத் தேடல் நடக்கும் விதம்

உங்கள் ஒன்பது இலக்க நிறுவன எண்ணுக்கு முன்னால் 0192 என்ற குறியீடு சேர்கிறது. நோர்வேயின் நிறுவனப் பதிவேட்டுக்கு, மின் விலைப்பட்டியல்கள் பயணிக்கும் பெப்பொல் வலையமைப்பு வைத்திருக்கும் குறியீடு அது. டிஜிட்டல்மயமாக்கலுக்குப் பொறுப்பான அரச அமைப்பான டிக்டிரின் எண்ணை எடுத்துக்கொண்டால், 0192:991825827 என்று வரும். இதை ஒரு சூத்திரத்தில் போட்டு நீண்ட எழுத்துக்கோவையாக மாற்றுகிறார்கள். அந்தக் கோவையே ஓர் இணையப் பெயரின் முதற்பகுதியாகிறது. பிறகு அந்தப் பெயர் எங்கே இருக்கிறது என்று டிஎன்எஸ்ஸிடம் கேட்கிறார்கள். 1983-இல் வகுக்கப்பட்டு, இன்றும் நீங்கள் ஒரு செய்தித்தளத்தைத் திறக்கும்போது அதைத் தேடித்தரும் அதே டிஎன்எஸ்தான்.

நோர்வே எண்களுக்கு வரும் பதில், எல்மாவிடம் போய்க் கேள் என்பது. எல்மா என்பது டிக்டிர் நடத்தும் மின்னணுப் பெறுநர் முகவரிப் பதிவேடு. இந்த எண்ணுக்கு விலைப்பட்டியல் அனுப்பலாமா, எந்த அக்செஸ்புங்க்ட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று அங்கே கேட்டால், இணைய முகவரியும் அந்த நிறுவனத்தின் டிஜிட்டல் சான்றிதழும் கிடைக்கும். உடனே அந்த முகவரிக்கு விலைப்பட்டியல் போகிறது. அங்கிருந்து கையொப்பமிட்ட ஒரு ரசீது திரும்பி வருகிறது.

எல்லோருடைய விலைப்பட்டியலையும் ஒரே இடத்தில் குவித்து வைக்காமலேயே முன்பின் அறியாத இருவரை இணைக்கும் இந்த ஏற்பாட்டை நான் மனமாரப் பாராட்டுகிறேன். நிரல்கள் ஒன்றுக்கொன்று செய்தி விட்டுச்செல்லும் அமேசானின் எஸ்கியூஎஸ் வரிசைச் சேவையிலும் ஒரு நிரல் வரிசையின் பெயரைக் கொடுத்து அதன் முகவரியைக் கேட்டுப் பெறுகிறது. ஆனால் இன்னொருவரின் வரிசை என்றால் உரிமையாளரின் கணக்கு எண்ணைக் கொடுக்க வேண்டும், அவருடைய அனுமதியும் வேண்டும். எல்மாவிலோ நிறுவன எண் தெரிந்தால் போதும். விலைப்பட்டியலுக்கு அந்தத் திறந்த வாசல் தேவைதான்.

என்னை உறுத்துவது வேறொன்று. எல்மாவில் உங்கள் பெயருக்கு உரிய முகவரிப் பதிவை எழுதுபவர் நீங்கள் அல்ல, அக்செஸ்புங்க்ட் நிறுவனம். உங்கள் சம்மதம் வேண்டும் என்பது விதி. அந்தச் சம்மதம் பெரும்பாலும் மென்பொருளை முதன்முதலில் அமைத்த நாளில் இட்ட ஒரு ‘சரி’ அடையாளம். இரண்டு வருடம் கழித்து மலிவான வேறு மென்பொருளுக்கு மாறுகிறீர்கள். பழைய நிறுவனம் தன் பதிவை நீக்காதவரை முகவரி பழையதுதான். விலைப்பட்டியல் அங்கே போய்ச் சேர்கிறது, ரசீதும் முறையாக வருகிறது. ‘லெவெர்ட்’ என்ற சொல் அதைத்தான் குறிக்கிறது: அக்செஸ்புங்க்ட்டுக்குக் கிடைத்துவிட்டது. கடைக்காரரின் கண்ணில் பட்டதா என்பதற்கு அந்தச் சொல் பொறுப்பேற்பதில்லை.

இதனால் பணம் போகிறது. ஆதாரச் சீட்டு கையில் இல்லாமல் உள்ளீட்டு வரியைக் கழிக்க முடியாது. 25 வீத வரியுள்ள பொருளை 40,000 குரோனருக்கு, வரி தவிர்த்து, வாங்கியிருந்தால் 10,000 குரோனர் அந்தத் தவணையில் கைக்கு வராது. இதற்கிடையில் விலைப்பட்டியலின் தவணை நாள் கடந்து, நினைவூட்டல் கட்டணமும் சேர்ந்துவிடும். முகவரி உங்களுடையது என்றால், அதைப் பார்க்கவும் மாற்றவும் நீங்களே உள்நுழையக்கூடிய எளிய வழி இருக்க வேண்டும். பழைய சேவை நிறுவனத்தின் தயவில் சிறுகடைக்காரரை நிறுத்துவது நியாயமல்ல.

மற்றக் கேள்விகள்

*இப்போது என்ன செய்வது?* பழைய மென்பொருள் நிறுவனத்துக்கு இன்றே எழுதி, எல்மாவிலிருந்து உங்கள் எண்ணை நீக்கக் கேளுங்கள். அது நடந்த பிறகு புதிய நிறுவனத்தைப் பதியச் சொல்லுங்கள்.

*31-க்கு முன் அது முடியாவிட்டால்?* விற்பனையாளரிடம் அதே விலைப்பட்டியலின் பிரதியை பிடிஎஃப் ஆக வாங்கிக் கணக்கில் சேருங்கள்.

*இரண்டும் வந்துவிட்டால்?* விலைப்பட்டியல் எண்ணைப் பார்த்து ஒன்றை மட்டும் பதியுங்கள்.

*எல்மாவிலிருந்து ஒரேயடியாக விலகலாமா?* தனியார் கடைக்கு விலகலாம். ஆனால் விலைப்பட்டியல்கள் மீண்டும் மின்னஞ்சலிலும் தபாலிலும் வரும்.

*மாநகரசபைக்குச் சாப்பாடு வழங்குகிறேன், எனக்கு?* 2019 ஏப்ரல் முதல் பொதுத்துறைக்கு வழங்குவோர் மின் விலைப்பட்டியல் அனுப்ப வேண்டும். பெறுவதற்கான எல்மா பதிவு அதிலிருந்து வேறானது.

*அறியாதவர் விலைப்பட்டியல் அனுப்பினால்?* அனுப்பலாம், உங்கள் நிறுவன எண் பகிரங்கமானது. மென்பொருளுக்குள் வந்துவிட்டது என்பதற்காகப் பணம் கட்டாதீர்கள், வாங்கிய பொருளோடு ஒப்பிட்ட பிறகு கட்டுங்கள்.