கார்டு உண்டு, கடை இல்லை! கஞ்சா எண்ணெய்க்கு 8 ஆண்டு காத்திருந்த நோயாளிகள்

ரேஷன் கார்டைக் கையில் கொடுத்துவிட்டு, ரேஷன் கடையைத் திறக்காமலே விட்டால் எப்படி இருக்கும்?

ஒரு மாதம், இரண்டு மாதம் அல்ல, 8 ஆண்டுகள்!

அமெரிக்காவில் உள்ள ஜார்ஜியா மாநிலத்து நோயாளிகளுக்கு இந்தக் கதிதான் ஏற்பட்டது. அவர்கள் கேட்டது அரிசி, சர்க்கரை அல்ல. கஞ்சா எண்ணெய்!

கஞ்சா என்றதும் முகத்தைச் சுளிக்க வேண்டாம். இது புகைக்கிற சரக்கு அல்ல. கஞ்சாச் செடியில் இருந்து எடுக்கும் மருந்து எண்ணெய். போதை ஏற்றும் சத்துக்கு "டி.எச்.சி." என்று பெயர். எண்ணெயில் அது 5 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2015-ம் ஆண்டு சட்டம் கட்டுப்பாடு விதித்தது.

சிறுமிக்கு வலிப்பு

அந்தச் சட்டம் வரக் காரணம் ஹேலீ என்ற சிறுமி. ஒரே நாளில் நூற்றுக்கணக்கான தடவை அவளுக்கு வலிப்பு வரும். மருந்து, மாத்திரை எதுவும் கேட்கவில்லை.

2014-ல் ஜார்ஜியா சட்டசபையில் மசோதா நிறைவேறாமல் போயிற்று. தாய், மகளைத் தூக்கிக் கொண்டு கொலராடோ மாநிலத்துக்குக் குடிபோனார். அங்கே எண்ணெய் கிடைக்கும். தகப்பனார் வேலைக்காக ஜார்ஜியாவிலேயே தங்கினார். குடும்பம் இரண்டாகப் பிரிந்தது.

மறு ஆண்டு மசோதா நிறைவேறியது. 2015 ஏப்ரல் 16-ந் தேதி கவர்னர் நேதன் டீல் கையெழுத்துப் போட்டார். சட்டத்துக்கே ஹேலீயின் பெயர்தான்.

எங்கே வாங்குறது?

புற்றுநோய், வலிப்பு, நடுக்குவாதம் உள்பட 8 வகை நோய்க்காரர்கள் டாக்டர் மூலம் பதிவு செய்து கார்டு வாங்கலாம். கார்டு இருந்தால் 20 அவுன்சு வரை (சுமார் 590 மில்லி) எண்ணெய் வைத்துக் கொள்ளலாம். மாநிலப் போலீஸ் பிடிக்காது.

"சரி, எண்ணெயை எங்கே போய் வாங்குறது?"

இதற்குத்தான் சட்டத்தில் பதிலே இல்லை! மாநிலத்துக்குள் செடி வளர்க்கக் கூடாது. எண்ணெய் எடுக்கக் கூடாது. விற்கவும் கூடாது.

கொலராடோவில் வாங்கி வரலாமா? மாநில எல்லை தாண்டிக் கொண்டு வந்தால், மத்திய அரசின் சட்டப்படி கடத்தல்! வந்து சேர்ந்துவிட்டால் மருந்து. வழியில் மாட்டினால் குற்றம். பெற்ற பிள்ளையின் வலிப்பை நிறுத்த நினைத்தவர்கள், கடத்தல்காரர்கள் போலப் பயந்து நடுங்க வேண்டி இருந்தது.

எம்.எல்.ஏ.வுக்கு வந்த பெட்டி

இந்தச் சட்டத்தைக் கொண்டு வந்தவர் மேக்கன் நகர எம்.எல்.ஏ. ஆலன் பீக். அவர் என்ன செய்தார் தெரியுமா?

மாதந்தோறும் அவருடைய ஆபீசுக்கு ஓர் அட்டைப்பெட்டி வரும். உள்ளே கஞ்சா எண்ணெய் பாட்டில்கள். எப்படி வருகிறது என்று அவர் கேட்பதில்லை. கார்டு வைத்திருந்த நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு அதை இலவசமாகக் கொடுத்தார். ஒளிவு மறைவு கிடையாது. 2017-ல் நிருபர்களிடம் வெளிப்படையாகவே சொன்னார்.

சட்டம் செய்தவரே, சட்டத்தின் ஓட்டையைத் தன் கையால் அடைக்க வேண்டி வந்தது!

திருத்தம் மேல் திருத்தம்

2017, 2018 ஆண்டுகளில் சட்டம் திருத்தப்பட்டது. ஆட்டிசம், தீராத வலி என்று நோய்ப் பட்டியல் நீண்டது. கார்டு வாங்கியவர்கள் 8 ஆயிரத்தைத் தாண்டினார்கள். கடை மட்டும் வரவில்லை.

2019 ஏப்ரல் 17-ந் தேதி, கவர்னர் பிரையன் கெம்ப் இன்னொரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். மாநிலத்துக்குள்ளேயே செடி வளர்த்து, எண்ணெய் எடுத்து விற்க 6 கம்பெனிகளுக்கு லைசென்சு கொடுக்கலாம் என்றது அந்தச் சட்டம். இதைக் கவனிக்க ஒரு கமிஷனும் போட்டார்கள்.

இனி எண்ணெய் கிடைத்துவிடும் என்று நோயாளிகள் நினைத்தார்கள். 6 கம்பெனிகளைத் தேர்ந்தெடுக்கவே 2021 ஆகிவிட்டது. தேர்வாகாத கம்பெனிகள் ஆட்சேபம், வழக்கு என்று கிளம்பின. 2022 செப்டம்பரில்தான் 2 கம்பெனிகளுக்கு லைசென்சு கைக்கு வந்தது.

கதவு திறந்தது

2023 ஏப்ரல் கடைசியில் மேரியட்டா, மேக்கன் நகரங்களில் முதல் கடைகள் திறந்தன. அட்டைப்பெட்டி வந்த அதே மேக்கன்!

அந்த அக்டோபரில் தனியார் மருந்துக் கடைகளும் எண்ணெய் விற்கலாம் என்று மாநில அரசு அனுமதித்தது. அடுத்த மாதமே, "அது மத்திய சட்டத்துக்கு விரோதம்" என்று போதைத் தடுப்பு இலாகா மருந்துக் கடைகளை எச்சரித்தது.

கவர்னர் கையெழுத்துப் போட ஒரு நிமிடம். கடைக் கதவு திறக்க 8 ஆண்டு. அதுவரை நோய் காத்திருக்குமா?