தகட்டில் விழுந்த புள்ளி

1987 பெப்ரவரி 24, விடிவதற்கு முன். சிலி நாட்டின் லாஸ் கம்பனாஸ் மலையில் அன்று ரொறன்ரோ பல்கலைக்கழகத்துக்கு ஒரு வான்நோக்ககம் இருந்தது. அங்கே பணியிலிருந்த இயன் ஷெல்டன், பெரிய மெகல்லன் மேகத்தை மூன்று மணி நேரம் படம்பிடித்த ஒளித்தகட்டைக் கழுவிப் பார்த்தார். இருக்கக்கூடாத இடத்தில் ஒரு பெரும்புள்ளி. தகட்டில்தான் பழுதோ என்று வெளியே வந்து அண்ணாந்தார். வெறும் கண்ணுக்கே தெரிந்தது, 1,68,000 ஒளியாண்டுத் தொலைவில் வெடித்த விண்மீன்! 1604க்குப் பிறகு எந்தச் சூப்பர்நோவாவும் இவ்வளவு பிரகாசமாகத் தெரிந்ததில்லை.

எனக்கு அதைவிட வியப்பு, அது மங்கிய விதம். வெடிப்பில் பிறந்த நிக்கல் சில நாட்களில் கோபால்ட் ஆகும். கோபால்ட் 77 நாளுக்கொரு முறை பாதியாகக் குறைந்து இரும்பாகும். விண்மீனின் ஒளியும் அதே கணக்கில்தான் தேய்ந்தது. இரும்பு பிறப்பதை மனிதர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பிறந்த இரும்பின் எடை, 20,000 பூமிகளுக்கும் மேல்.

இதைவிடப் பெரிய இரும்பு உலை இன்னொரு வகை வெடிப்பு. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகர், 1930இல் இங்கிலாந்துக்குப் போன கப்பலிலேயே ஒரு கணக்குப் போட்டார்: வெண்குள்ள விண்மீனின் எடைக்கு ஓர் எல்லை உண்டு. இன்றைய மதிப்பில் அது சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு. அந்த எல்லையை நெருங்கும் வெண்குள்ளன் மிச்சமின்றிச் சிதறும்போது, 1987இல் கண்டதைப் போல் ஏறக்குறைய எட்டு மடங்கு இரும்பு வெளியேறுகிறது.

எங்கே போகிறது? தனிக் கேலக்ஸியிலிருந்து அது தப்பிவிடலாம். ஆயிரம் கேலக்ஸிகள் சேர்ந்த கொத்தின் ஈர்ப்பு எதையும் விடாது. பெர்சியஸ் கொத்தில் கேலக்ஸிகளுக்கு இடையே கோடிக்கணக்கான பாகை வெப்பத்தில் வாயு நிறைந்திருக்கிறது. அங்குள்ள விண்மீன்கள் எல்லாவற்றையும்விட அதன் எடை அதிகம். அது எக்ஸ்கதிர்களை உமிழ்கிறது. 1976இல் ஏரியல் 5 செயற்கைக்கோள் அந்தக் கதிர்களில் இரும்பின் முத்திரையைக் கண்டது. 2013இல் ஜப்பானின் சுசாக்கு செயற்கைக்கோள் தரவுகள், கொத்தின் விளிம்புவரை இரும்பு சீராகக் கலந்திருப்பதைக் காட்டின. கொத்து உருவான பின் கலந்ததாக இருந்தால் திட்டுத் திட்டாகத்தான் இருக்கும். ஆகவே 1000 கோடி ஆண்டுகளுக்கு முன்பே, கொத்து திரள்வதற்கும் முன், சூப்பர்நோவாக்கள் அதைத் தூவி முடித்துவிட்டன.

ஷெல்டன் கண்ட விண்மீன் ரொறன்ரோ வானில் ஒருபோதும் எழாது. பெர்சியஸ் எழும். டிசம்பர் மாதம் இரவு பத்து மணியளவில் வெளியே வந்து நேர் உச்சியைப் பாருங்கள். வாயு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அது அந்தத் திசையில்தான் இருக்கிறது.