முழங்கால் ஆறும்வரை காத்திருந்த அணி

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை என்று நம் வட்டாரத்துப் பள்ளி மைதானங்களில் மாலை வேளையில் கூடைப்பந்து தட்டும் ஓசை கேட்டுக்கொண்டே இருக்கும். அங்கே ஆடும் மாணவியர் பலருக்கு ஒரு கனவு உண்டு. பள்ளிப் படிப்பு முடிந்ததும் விளையாட்டு ஒதுக்கீட்டில் நல்ல கல்லூரியில் இடம் பெற வேண்டும் என்பதே அது. அணித் தேர்வு நெருங்கும்போது முழங்கால் வலித்தால் சிலர் அதை வெளியே சொல்ல அஞ்சுவார்கள். காயம்பட்டவளை எந்தக் கல்லூரி சேர்த்துக்கொள்ளும் என்று நினைப்பார்கள். சேர்த்துக்கொண்ட கல்லூரி ஒன்று உண்டு. அதன் கதையைத் தோழியரும் பெற்றோரும் அறிவது நல்லது.

சார்லிஸ் லெஜர் வாக்கர் நியூசிலாந்து நாட்டுப் பெண். அவருடைய தாயாரும் அந்நாட்டு அணிக்காக ஒலிம்பிக்கில் கூடைப்பந்து ஆடியவர். மகள் அமெரிக்கா சென்று வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 2023ஆம் ஆண்டு அப்பல்கலைக்கழகப் பெண்கள் அணி மேற்குக் கரைக் கல்லூரிகளின் போட்டியில் பட்டம் வென்றபோது, தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது இவருக்கே கிடைத்தது.

2024 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் கலிபோர்னியா பல்கலைக்கழக அணியோடு ஓர் ஆட்டம். அதில் சார்லிசின் அணி 85-82 என்ற கணக்கில் வென்றது. ஆனால் அதே ஆட்டத்தில் அவருடைய முழங்கால் ஜவ்வு அறுந்துபோயிற்று. சில மாதங்கள் கழித்து அவர் கல்லூரி மாறத் தீர்மானித்தபோது அவரைச் சேர்த்துக்கொண்டது எந்த அணி தெரியுமா? அன்று எதிரே நின்று ஆடிய அதே லாஸ் ஏஞ்சல்ஸ் அணிதான்! அடுத்த பருவத்தில் அவரால் எப்போது ஆட முடியும் என்று தெரியாமலே அவருக்கு இடம் கொடுத்தார்கள்.

இந்தக் காயம் எத்தகையது என்று பார்ப்போம். தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் முழங்காலுக்குள் நான்கு முக்கிய ஜவ்வுகள் பிணைத்திருக்கின்றன. அவற்றுள் இரண்டு சிலுவை போல ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகச் செல்கின்றன. முன்பக்கத்துக் குறுக்கு ஜவ்வு, கீழ்க்கால் எலும்பு முன்னே நழுவாமலும் திருகிக்கொள்ளாமலும் காக்கிறது. ஓடி வந்து சட்டென்று நிற்கும்போதும், பாதம் தரையில் ஊன்றியிருக்க உடல் திரும்பும்போதும், குதித்து ஒற்றைக் காலில் இறங்கும்போதும் இது அறுந்துவிடக்கூடும். பெரும்பாலும் யாரும் இடிக்காமலே இது நேர்கிறது.

அறுந்த ஜவ்வு பெரும்பாலும் தானாக ஒட்டிக்கொள்வதில்லை. ஆகவே ஆட்டக்காரரின் உடலிலிருந்தே ஒரு நாணை எடுத்து, அறுவை சிகிச்சையால் அந்த இடத்தில் பொருத்துவார்கள். இங்கேதான் பலரும் அறியாத செய்தி ஒன்று இருக்கிறது. புதிதாகப் பொருத்திய நாண் முதல் சில மாதங்களில் வலுவிழந்து, பிறகுதான் மெல்ல மெல்ல உரம் பெறுகிறது. வலியும் வீக்கமும் போய்விட்டதால் கால் குணமாகிவிட்டது என்று பெண் நினைப்பாள். உள்ளே நாண் இன்னும் பக்குவப்பட்டிராது. குறைந்தது ஒன்பது மாதமாவது பொறுக்க வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். அதற்கு முன் களம் இறங்குவோருக்கு மறுபடி காயம்படும் ஆபத்து மிகுதி.

லாஸ் ஏஞ்சல்ஸ் அணி அவசரப்படவில்லை. 2024-25 பருவம் முழுவதும் சார்லிஸ் ஆடாமல் பயிற்சி மட்டுமே செய்தார். அந்தப் பருவத்தில் அணி 37 ஆட்டங்களில் 34 வென்று, தேசியக் கல்லூரிச் சங்கப் போட்டியின் கடைசி நால்வருள் முதன்முறையாக இடம் பிடித்தது. அத்தகைய முக்கியமான ஆட்டங்களிலும் அவரை இறக்கவில்லை. 2025-26 பருவத்தில் அவர் புதிய அணிக்காகக் களம் இறங்கினார். பதறாத காரியம் சிதறாது என்பது நம் பெரியோர் வாக்கல்லவா?

இச்செய்தி பெண்களுக்கு இன்னும் முக்கியம். கூடைப்பந்தில் இக்காயம் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக ஏற்படுகிறது. குதித்து இறங்கும்போது முழங்கால்கள் உள்பக்கமாகச் சாய்வதும், இடுப்பிலும் தொடையின் பின்புறத்திலும் தசை வலு குறைந்திருப்பதும் காரணங்களுள் சில. இதைப் பெரிதும் தடுக்கலாம். ஆட்டத்துக்கு முன் கால் மணி நேரம் முறையான பயிற்சி செய்தால் ஆபத்து ஏறக்குறைய பாதியாகக் குறையும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. முழங்காலை மடக்கி ஓசையின்றி இறங்குதல், ஒற்றைக்காலில் நிற்றல், தொடைக்கும் இடுப்புக்கும் வலுவூட்டல் ஆகியவையே அப்பயிற்சிகள். இதற்குக் காசு செலவில்லை.

ஆட்டத்தின் நடுவில் முழங்காலுக்குள் 'படக்' என்று ஓசை கேட்டு, சில மணி நேரத்தில் வீங்கினால் உடனே ஆட்டத்தை நிறுத்த வேண்டும். சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் தடவி நீவிவிடக் கூடாது. துணியில் சுற்றிய பனிக்கட்டியை வைத்து, காலை உயர்த்தி, எலும்பு மருத்துவரிடம் காட்ட வேண்டும். பெற்றோர் "இனி விளையாட்டே வேண்டாம்" என்று கோபிப்பதும் தவறு. "நாளைக்குப் போட்டியாயிற்றே" என்று மகளைத் தூண்டுவதும் தவறு. அணித் தோழியருக்கும் கடமை உண்டு. காயம்பட்டவளை மைதானத்துக்கு அழைத்து வாருங்கள். அவள் பந்து எறியாவிட்டாலும் எதிரணியின் ஆட்டத்தைக் கவனித்துச் சொல்லலாம். புள்ளிக் கணக்கு எழுதலாம்.

நம் சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை 2000ஆம் ஆண்டு முதல் 2017 வரை இந்திய அணிக்காக ஆடி, 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். பதினெட்டு ஆண்டுகள்! அத்தனை நீண்ட பாதையில் ஒரு மாவட்டப் போட்டி எவ்வளவு சிறியது! ஆகவே தோழியரே, முழங்கால் வலித்தால் இன்றே உங்கள் விளையாட்டு ஆசிரியையிடம் சொல்லிவிடுங்கள்.