முடிவுக் கோட்டிலும் பையில் சாப்பாடு மிச்சமிருக்கணும்! உறைபனியில் ஒரு குண்டு டயர் சைக்கிள் பந்தயம்

வீட்டு ஃப்ரிட்ஜின் ஃப்ரீஸருக்குள் கையை விட்டுப் பாருங்கள். அங்கே இருப்பது சுமார் மைனஸ் 18 டிகிரி செல்சியஸ். அதைவிடக் குளிரான ஒரு காட்டுக்குள், விடிவதற்கு முன்பே கிளம்பி, பகல், இரவு, மறுநாள் என்று சைக்கிள் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றால்?

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஒவ்வொரு ஜனவரி இறுதியிலும் இதற்கென்றே ஆட்கள் வந்து சேர்கிறார்கள். போட்டியின் பெயர் 'ஏரோஹெட் 135'. 2005-ல் தொடங்கியது. கனடா எல்லையில் இருக்கும் இன்டர்நேஷனல் ஃபால்ஸ் நகரில் காலை 7 மணிக்குப் புறப்பட்டால், டவர் என்ற சிற்றூருக்கு அருகே போய் முடிக்க வேண்டும். தூரம் 135 மைல், அதாவது சுமார் 217 கிலோமீட்டர். கெடு 60 மணி நேரம்.

தொடங்கும் ஊருக்கு 'தேசத்தின் ஐஸ்பெட்டி' என்று பட்டப்பெயர். முடியும் ஊர் அதற்கும் மேல். அந்த மாநிலத்தின் மிகக் குறைந்த வெப்பநிலை, 1996 பிப்ரவரி 2-ல், டவர் பகுதியில்தான் பதிவானது. மைனஸ் 51 டிகிரி!

அதென்ன குண்டு டயர்?

பனியில் சாதாரண சைக்கிள் புதைந்துவிடும். அலாஸ்காவில் 1987-ல் 'இடிடாபைக்' என்ற பனிப் பந்தயம் தொடங்கியபோது, பலரும் சாதாரண மவுன்டன் பைக்கைத்தான் ஓட்டினார்கள். ஓட்டியதைவிடத் தள்ளிக்கொண்டு நடந்ததே அதிகம். அதற்குப் பிறகுதான் அங்கிருந்தவர்கள் பட்டறையில் மண்டையைக் குடைய ஆரம்பித்தார்கள். இரண்டு ரிம்களை ஒன்றாக இணைத்து அகலமாக்கிப் பார்த்தார்கள். ஃபேர்பேங்க்ஸ் நகரைச் சேர்ந்த சைமன் ராகோவர், 'ஸ்நோகேட்' என்ற அகலமான ரிம்மைச் செய்து விற்றார். கடைசியில் 2005-ல் 'சர்லி' நிறுவனம், நான்கு அங்குலத்தை நெருங்கும் டயரோடு 'பக்ஸ்லி' என்ற சைக்கிளைக் கடைகளுக்குக் கொண்டுவந்தது. ஃபேட் பைக் பரவலானது அதன் பிறகுதான்.

இந்த டயரின் ரகசியம் அகலம் மட்டும் இல்லை, காற்றும்தான். கார் டயரில் 30 பிஎஸ்ஐ-க்கு மேல் காற்று இருக்கும். இளகிய பனியில் ஃபேட் பைக் ஓட்டுபவர்கள் 5 பிஎஸ்ஐ-க்கும் கீழே இறக்குவார்கள். காற்று குறையக் குறைய, ஒட்டகத்தின் பாதம் மாதிரி டயர் விரிந்து, பனியின் மேலேயே நிற்கும்.

உண்மையான எதிரி வியர்வை

இந்தப் போட்டியில் ஆளைக் கவிழ்ப்பது பெரும்பாலும் குளிர் நேரடியாக இல்லை, வியர்வை. வேகமாக மிதித்தால் உடல் சூடாகி உள்ளாடை நனையும். இரண்டு நிமிடம் நின்றால் போதும், அந்த ஈரம் உடம்புச் சூட்டை உறிஞ்ச ஆரம்பித்துவிடும். அதனால் அனுபவசாலிகள் மேட்டில் ஏறும் முன்பே ஜாக்கெட்டின் ஜிப்பை இறக்கிவிடுகிறார்கள். வியர்த்துக் கொட்டும் என்று தெரிந்தால் வேகத்தையே குறைத்துக்கொள்கிறார்கள்.

ஹேண்டில்பாரில் 'போகி' என்ற பெரிய உறைகள் மாட்டப்பட்டிருக்கும். கையை அதற்குள் நுழைத்துத்தான் பிரேக் பிடிப்பார்கள். தண்ணீர்ப் பையை ஜாக்கெட்டுக்கு உள்ளே, உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்கிறார்கள். வெளியே பாட்டில் வைத்தால் தலைகீழாக வைக்க வேண்டும். ஐஸ் மேலிருந்துதான் கட்டும் என்பதால், மூடிப் பக்கம் உறையாமல் இருக்கும். சக்கரத்தின் ஹப்பில் இருக்கும் கிரீஸ்கூடக் கெட்டியாகிவிடும். அப்போது பெடலை மிதித்தாலும் சக்கரம் சுற்றாது. அதற்கென்றே குளிர் தாங்கும் கிரீஸ் மாற்றிக்கொண்டு வருகிறார்கள்.

நடத்துபவர்களின் தலைவலி

ஓட்டுவதே இப்படி என்றால், இதை நடத்துவது? ஸ்நோமொபைல்கள் ஓடும் அரசுப் பாதை அது. பெரும்பகுதி வெறும் காடு. வழியில் இருப்பது மூன்றே மூன்று செக்பாயின்ட். யாராவது நடுவில் விழுந்தால் ஆம்புலன்ஸ் உடனே வராது. ஸ்நோமொபைலில் ரோந்து போகும் தன்னார்வலர்கள் வந்து சேரவே நேரமாகும். அதுவரை அந்த நபர் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.

அதனால்தான் போட்டிக்கு முன்பு ஒவ்வொருவரின் பையும் பரிசோதிக்கப்படுகிறது. மைனஸ் 29 டிகிரி தாங்கும் ஸ்லீப்பிங் பேக், அடியில் விரிக்கும் மெத்தை, கூடாரம் அல்லது உறை, ஸ்டவ், எரிபொருள், பனியை உருக்கப் பாத்திரம், நெருப்பு மூட்டத் தீப்பெட்டி, முன்னும் பின்னும் மின்னும் சிவப்பு விளக்குகள். கழுத்தில் கட்டாயம் ஒரு விசில். எதற்கு? வாய் மரத்துப்போனால் 'காப்பாத்துங்க' என்று கத்தக்கூட முடியாதே!

எல்லாவற்றையும்விட ஆச்சரியமான விதி சாப்பாடு பற்றியது. எந்த நேரத்திலும் 3,000 கலோரி உணவு கையில் இருக்க வேண்டும். எந்த நேரத்திலும் என்றால், முடிவுக் கோட்டிலும்தான். எல்லாவற்றையும் தின்று தீர்த்து, கடைசிச் சொட்டுச் சக்தியில் வந்து விழுவதற்கு இங்கே கைதட்டல் கிடையாது. அதனால் சிலர், பசித்தாலும் தொடாத ஒரு டப்பா வேர்க்கடலை பட்டரைக் காடு முழுக்கச் சுமந்து வருகிறார்கள். அந்த டப்பா, அடுத்த ஒரு இரவு காட்டில் மாட்டிக்கொண்டாலும் உயிரோடு இருப்பேன் என்பதற்கான சாட்சி.

பாதி வழியில், ஏறக்குறைய 70-வது மைலில், 'மெல்ஜார்ஜஸ்' ரிசார்ட் வருகிறது. அங்கே தரும் சீஸ் சாண்ட்விச்சும் காட்டரிசி சூப்பும் போட்டியாளர்களிடையே ரொம்பப் பிரபலம். ஈரத் துணியைக் காயவைத்து, கொஞ்சம் கண்ணயரலாம். பலருடைய பந்தயம் முடிந்துபோவதும் இங்கேதான். சூடான அறையை விட்டு மறுபடி இருட்டுக்குள் இறங்க மனசு வராது. தன்னார்வலர்கள் சாண்ட்விச் நீட்டும்போதே ஆளைக் கவனிக்கவும் வேண்டும். பேச்சு குழறுகிறதா, விரல் தடுமாறுகிறதா, கால் தள்ளாடுகிறதா? மூன்றும் உடல் வெப்பம் ஆபத்தாகக் குறைவதன் அறிகுறிகள். அப்படி இருப்பவருக்குத் தன் நிலைமை தனக்கே தெரியாது.

கடுங்குளிர் ஆண்டுகளில், புறப்பட்டவர்களில் பாதிப் பேர்கூட முடிக்காதது உண்டு.

1,600 கிலோமீட்டர் தனிமை

இதற்கும் அண்ணன் ஒன்று அலாஸ்காவில் இருக்கிறது: 'இடிடராட் டிரெயில் இன்விடேஷனல்'. நாய்கள் இழுக்கும் பனிச்சறுக்கு வண்டிப் பந்தயம் நடக்கும் அதே பாதை. மெக்ராத் வரை 350 மைல், நோம் வரை சுமார் 1,000 மைல். 2014-ல் ஜெஃப் ஓட்லி ஃபேட் பைக்கில் 10 நாள், 2 மணி, 53 நிமிடத்தில் நோமை அடைந்தார். ஆனால் ஆசைப்பட்டவர்கள் எல்லாம் நேராக நோமுக்குக் கிளம்பிவிட முடியாது. முதலில் 350 மைலை முடித்துக் காட்ட வேண்டும்.

பொதுவாகப் போட்டி என்றால் 'விடாதே, உயிரைக் கொடுத்தாவது முடி' என்றுதான் சொல்லிக்கொடுப்பார்கள். இந்தப் பந்தயங்களின் விதிகள் நேர்மாறானவை. விரல் நுனி வெளுத்து உணர்வு போனால் நிறுத்து. உடம்பு நனைந்துவிட்டால் நிறுத்து. பாதி வழியில் திரும்பியவர்களில் பலர் அடுத்த ஜனவரியில் அதே கோட்டில் மறுபடி வந்து நிற்கிறார்கள், பத்து விரலோடும், இன்னும் பிரிக்காத ஒரு பட்டர் டப்பாவோடும்.