சபைக் கதவும் கணினிப் பூட்டும்

மக்களின் வரிப்பணத்தைச் செலவிடும் சபை எதுவாயினும் அதன் ஆலோசனைகள் மக்களின் கண்ணெதிரிலேயே நடைபெற வேண்டும் என்னும் கொள்கையை அமெரிக்காவில் மிகக் கண்டிப்பாக அனுஷ்டிக்கும் ராஜ்யங்களுள் ஒன்று ஃபுளோரிடா. 1967-ஆம் ஆண்டில் அங்கே இயற்றப்பட்ட ‘சூரிய ஒளிச் சட்டம்’, நகரசபை அங்கத்தினர் இருவர் சபையின் முன் வரக்கூடிய ஒரு விஷயத்தைக் குறித்துத் தனித்துப் பேசிக்கொள்வதைக்கூட அனுமதிப்பதில்லை. பகிரங்கக் கூட்டத்தில் நிறைவேறாத தீர்மானம் செல்லாது.

அந்த ராஜ்யத்தின் ரிவியரா பீச் நகரில், 2019-ஆம் ஆண்டு, காவல் இலாகா ஊழியர் ஒருவர் விஷமத்தனமான மின்னஞ்சல் ஒன்றைத் திறந்துவிட, நகர நிர்வாகத்தின் கணினிகள் முடங்கின. அவற்றை விடுவிக்க 65 பிட்காயின், அதாவது அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 6 லட்சம் டாலர் கேட்ட கயவர்களுக்கு, இன்ஷூரன்ஸ் கம்பெனியின் மூலம் பணம் கொடுக்க நகரசபை ஏகமனதாக இசைந்தது.

இங்கேதான் தர்மசங்கடம் எழுகிறது. எல்லோருக்கும் திறந்திருக்கும் சபையில் திருடனும் ஒரு பார்வையாளனே. எந்தக் கணினியில் எந்த ஓட்டை அடைபடாமல் கிடக்கிறது என்று அதிகாரி எடுத்துரைத்தால், குடிமகன் அறியுமுன் அவன் அறிந்துகொள்வான். ஆகவே 2022-இல் ஃபுளோரிடா சட்டசபை, இத்தகைய விவரங்கள் வெளிப்படக்கூடிய பகுதியை மட்டும் மூடிய அறையில் நடத்த இடங்கொடுத்தது; இன்ஷூரன்ஸின் உச்சவரம்பைக்கூட இரகசியமாக்கியது, ஏனெனில் அது தெரிந்த கொள்ளைக்காரன் அந்தத் தொகையையே கேட்பான். அதே ஆண்டில், நகரசபைகள் பிணைத்தொகை கொடுப்பதும் தடைசெய்யப்பட்டது.

ஆயினும் அந்தச் சட்டம் கதவை மூடியதோடு நின்றுவிடவில்லை. மூடிய அறையில் பேசியது முழுவதும் ஒலிப்பதிவாகி எழுத்திலும் ஏற வேண்டும். சட்டசபை மறுபரிசீலனை செய்து நீட்டித்தாலன்றி 2027 அக்டோபரில் இவ்விலக்கு தானே காலாவதியாக வேண்டும் என்று இயற்றியபோதே விதித்தார்கள். எனினும் அந்தப் பதிவும் இரகசியமே என்பதால், உள்ளே நடந்ததை அறியாத குடிமக்கள் சபையினரின் நேர்மையையே நம்பியிருக்க நேர்கிறது.

பூட்டின் அமைப்பை மறைப்பது விவேகம். பூட்டுக்கு எவ்வளவு செலவாயிற்று, பூட்டத் தவறியவர் யார் என்பதை மறைப்பது கடமை தவறுதல். பாதுகாப்பின் பெயரால் கதவை மூடும் சபை, எதற்காக மூடுகிறது, எப்போது திறக்கும் என்ற இரண்டையும் முன்னதாகவே பகிரங்கமாகச் சொல்லக் கடமைப்பட்டது.