தொகுப்பியிலும் வரிமொழிமாற்றியிலும் மாறுபடும் நிரல்

ஒரே கணக்கு, கம்பைலர் எனப்படும் தொகுப்பி வழியே இயங்கும்போது ஒரு விடையும், இன்டர்பிரெட்டர் எனப்படும் வரிமொழிமாற்றி வழியே இயங்கும்போது வேறு விடையும் தருவதுண்டு. தமிழ்நாட்டு மேல்நிலைக் கணினி அறிவியல் பாடத்தில் 11ஆம் வகுப்பில் சி++ மொழியும் 12ஆம் வகுப்பில் பைத்தான் மொழியும் இடம்பெறுவதால், மாணவர்கள் இச்சிக்கலை எதிர்கொள்ள நேரிடும்.

எடுத்துக்காட்டு

காஞ்சிபுரம் பட்டுத்தறிகளில் கரை, முந்தி வடிவங்களை நெய்ய ஜக்கார்டு பெட்டி பயன்படுகிறது. எந்தப் பாவு இழைகள் உயர வேண்டும் என்பதைத் துளையிட்ட அட்டைகள் முடிவு செய்கின்றன. அட்டைகள் வளையமாகக் கோக்கப்பட்டிருப்பதால் கடைசி அட்டைக்குப் பின் முதல் அட்டை மீண்டும் வரும். நெசவில் தவறு நேர்ந்தால் ஊடையைப் பிரித்து, அட்டைகளையும் பின்னோக்கித் திருப்ப வேண்டும்.

இதைக் கணினியில் காட்ட, 400 அட்டைகளுக்கு 0 முதல் 399 வரை எண்கள் இடுவதாகக் கொள்வோம்.

புதிய எண் = (பழைய எண் + நகர்வு) % 400

399ஆம் அட்டையிலிருந்து ஒன்று முன்னே சென்றால் இரு மொழிகளிலும் விடை 0. ஆனால் 0ஆம் அட்டையிலிருந்து ஒன்று பின்னே சென்றால் பைத்தான் 399 என்றும், சி++ −1 என்றும் விடை தரும். முன்னோக்கி மட்டும் சோதிப்பவருக்கு இப்பிழை தென்படாது.

காரணம்

முழு எண்களை வகுக்கும்போது பைத்தான் ஈவைக் கீழ்நோக்கி முழுமையாக்குகிறது. சி++ பின்னப் பகுதியை வெட்டிவிடுகிறது. அதற்கேற்ப மீதியும் மாறுகிறது. எனவே பிழையின் வேர் இயக்கும் முறையில் அன்று, மொழியின் விதியில் உள்ளது.

சி++ அணியில் −1ஆம் இடத்தைப் படித்தால் என்ன நிகழும் என்பதை அம்மொழியின் தரநிலை வரையறுக்கவில்லை. பொருளற்ற எண் வரலாம், நிரல் நின்றுபோகலாம், சரியாக இயங்குவதுபோலவும் தோன்றலாம். தொகுப்பியின் உகப்பாக்க அளவை மாற்றினால் விளைவும் மாறலாம். பைத்தான் பட்டியலில் −1 என்பது கடைசி உறுப்பு. அங்கு எச்சரிக்கை எதுவும் வராது.

பிழையைக் கண்டறியும் முறை

1. உள்ளீட்டைச் சுருக்க வேண்டும். 400 அட்டைகளுக்குப் பதில் 4 அட்டைகள் போதும்.
2. இரு நிரல்களிலும் இடைநிலை மதிப்புகளை அச்சிட்டு, விடைகள் முதன்முதலில் பிரியும் வரியைக் காண வேண்டும்.
3. சுழியம், எல்லை எண்கள், எதிர்ம எண்கள் ஆகியவற்றைத் தவறாமல் சோதிக்க வேண்டும்.
4. தொகுப்பியின் எச்சரிக்கைகளை இயக்க வேண்டும். ஜிசிசி, கிளாங் தொகுப்பிகளில் உள்ள அட்ரஸ் சானிடைசர், அணியின் எல்லை மீறல்கள் பலவற்றைக் காட்டிக்கொடுக்கும்.

இந்த எடுத்துக்காட்டில் ((எண் % 400) + 400) % 400 என எழுதினால் இரு மொழிகளிலும் 399 கிடைக்கும்.

பிற காரணங்கள்

பைத்தானில் முழு எண் தேவைக்கேற்ப வளரும். சி++ மொழியின் வழக்கமான 32 பிட் முழு எண் 2,147,483,647ஐத் தாண்ட இயலாது. ஒரே மொழிக்குள்ளும் வேறுபாடு எழலாம். பைத்தானை உகப்பாக்கத் தெரிவுடன் இயக்கினால் 'அசர்ட்' சோதனை வரிகள் நீக்கப்படும். அவ்வரிகளுக்குள் தேவையான கணக்கை எழுதியிருந்தால் அதுவும் நடைபெறாது.