எஃகில் ஊறிய ஹைட்ரஜன்

ஓர் எவர்சில்வர் கலத்தை இறுக மூடி, பம்ப் வைத்து உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சுகிறோம். அழுத்தம் மளமளவென்று இறங்கும். பிறகு ஓரிடத்தில் அடம்பிடித்து நிற்கும். எங்கோ லீக் என்று வெல்டிங்கை எல்லாம் தடவிப் பார்ப்போம். இருக்காது.

முதல் குற்றவாளி, சுவரில் படிந்த ஈரம். பம்ப் ஓடும்போதே கலத்தை 150 டிகிரிக்கு மேல் ஓரிரு நாள் சூட்டில் வைத்தால் அது போய்விடும். அப்புறமும் ஒன்று வந்துகொண்டே இருக்கும்: ஹைட்ரஜன்.

இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறோம். அதையும் மேலே ஒட்டிய அழுக்கு என்று எண்ணி, தேய்க்கிறோம், கழுவுகிறோம், பெரிய பம்ப் மாட்டுகிறோம். ஹைட்ரஜனோ எஃகை உருக்கும்போதே அதற்குள் கரைந்துவிட்டது. உப்பில் ஊறிய நார்த்தங்காயை மேலே எத்தனை முறை அலசினால் என்ன, உள்ளே ஏறிய உப்பு போகுமா? பெரிய பம்ப் அழுத்தத்தைக் கொஞ்சம் குறைக்கும், ஊற்றை அடைக்காது.

சரி, அது எப்படி வெளியே வருகிறது? ஒற்றை அணுவாக, இரும்பு அணுக்களின் இடுக்கில் நகர்ந்து மேற்பரப்புக்கு வர வேண்டும். அங்கே இன்னோர் அணுவோடு ஜோடி சேர்ந்தால்தான் வாயுவாகப் பறக்கலாம். சாதாரண வெப்பநிலையில் இது ஆமை நடை. சூடு ஏற ஏற நடை ஓட்டமாகும். ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகத்தில் எஃகுப் பாகங்களை வெற்றிட உலையில் 950 டிகிரியில் 2 மணி நேரம் வைக்கிறார்கள். அதன்பின் கசியும் ஹைட்ரஜன் ஏறக்குறைய நூறில் ஒரு பங்காகிவிடும். தடிமன் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்கு. ஆகவே மெல்லிய தகடு லாபம்.

அமெரிக்காவின் லைகோ, ஈர்ப்பலைகளைப் பிடிக்கும் கருவி. அதன் ஒவ்வொரு வெற்றிடக் குழாயும் 4 கிலோமீட்டர் நீளம். அத்தனை எஃகையும் வெற்றிட உலையில் சுட்டால் செலவு கட்டுபடியாகாது. அதனால் சுமார் 3 மில்லிமீட்டர் தகட்டைச் சுருளாக இருக்கும்போதே, வெறும் காற்றில், ஏறக்குறைய 440 டிகிரியில் ஒன்றரை நாள் சுட்டார்கள். வெற்றிடத்துக்கான எஃகைக் காற்றிலா சுடுவது? எனக்குப் பிடித்த இடம் இது. காற்றில் ஹைட்ரஜன் வாயு மிகமிகச் சொற்பம். வெளியேறத் துடிக்கும் ஹைட்ரஜனுக்கு அதுவும் கிட்டத்தட்ட வெற்றிடம்தான். எஃகின் மேலே ஆக்சைடு படிந்து நிறம் மாறும், அதனால் பாதகமில்லை.

பிறகுதான் தகட்டைக் குழாயாக வெல்டிங் செய்தார்கள். மிச்சமிருந்த ஈரத்தைப் போக்க, அந்தக் குழாயிலேயே சுமார் 2,000 ஆம்பியர் மின்சாரம் பாய்ச்சி, வாரக்கணக்கில் சூடாக வைத்திருந்தார்கள்.